முகாமுக்கு வந்த சோப்பு

இடம்பெயர்ந்தோர் முகாம்களில் நோய்க்கு வழிவிடுபவை நெரிசல், தண்ணீர்த் தட்டுப்பாடு, கழிப்பிடக் குறை ஆகிய மூன்றும். இவை ஒன்றுசேரும் இடத்தில் காலராவும் சீதபேதியும் மஞ்சள்காமாலையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாய்க்கு எளிதாகப் போய்ச் சேர்கின்றன. அதனால் கை கழுவும் வசதியும் அதற்கான பிரசாரமும் இன்று எந்த முகாமிலும் முதல் நாட்களிலேயே தொடங்கிவிடுகின்றன. நூறாண்டுகளுக்கு முன் நிலைமை வேறு. கையால் நோய் பரவும் என்ற அறிவு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே வந்துவிட்டது. ஆனால் அகதியின் கைக்கு ஒரு சோப்புக் கட்டி போய்ச் சேர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. சேர்ந்த பிறகும், அந்தச் சோப்பு கை கழுவப் பயன்படும்படி செய்வது தனி வேலையாக நின்றது.

கையைப் பற்றிய அறிவு

1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணங்களை அறுத்து ஆராய்ந்துவிட்டுப் பிரசவ அறைக்கு வரும் மாணவர்கள் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த பிரசவித்த பெண்களின் இறப்பு சில வாரங்களிலேயே இரண்டளவுக்கு இறங்கியது. சில ஆண்டுகள் கழித்து லண்டனில் காலராவை ஆராய்ந்த ஜான் ஸ்நோ, அந்நோய் கெட்ட காற்றால் வருவதில்லை, விழுங்கப்படும் ஒன்றால் வருகிறது என்று வாதிட்டார். அவர் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வருவது, காலராவைப் பரப்பியதாக அவர் காட்டிய பிராட் தெருவின் கைப்பம்பு. ஆனால் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். நாளெல்லாம் சுரங்கத்துக்குள் இருந்து, கழிப்பிடமும் தண்ணீரும் இல்லாமல், கழுவாத கையாலேயே சாப்பிட்டதால் காலரா அவர்களை அதிகம் தாக்கியது என்பது அவர் கண்டது. பிற்கால முகாம்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே.

1884இல் ராபர்ட் கோக் காலராக் கிருமியைக் கல்கத்தாவில் உறுதிப்படுத்தினார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஜப்பானியரான கியோஷி ஷிகா சீதபேதிக் கிருமியை அடையாளம் கண்டார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் பாதையில் கைக்கும் பங்குண்டு என்பதில் மருத்துவ உலகுக்கு ஐயம் இருக்கவில்லை.

ஆடம்பரப் பொருளாக இருந்த சோப்பு

அந்த அறிவு நிர்வாகத்தை எட்டவில்லை என்பதற்குத் தென்னாப்பிரிக்கப் போரின் முகாம்கள் சான்று. 1900 முதல் 1902 வரை பிரிட்டிஷ் படை, டச்சு வம்சாவளியினரான போயர்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் கூடார முகாம்களில் அடைத்தது. கறுப்பின மக்களுக்குத் தனி முகாம்கள் அமைக்கப்பட்டன. 1901 ஜனவரியில் புளூம்ஃபோன்டைன் முகாமுக்குச் சென்ற எமிலி ஹாப்ஹவுஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி, அங்கே பங்கீட்டில் சோப்பே இல்லை என்பதைக் கண்டார். அவர் கேட்டபோது, சோப்பு ஆடம்பரப் பொருள் என்று பதில் வந்தது. விடாமல் வாதாடிச் சிறிதளவு சோப்பைப் பெற்றார். தண்ணீரும் அப்படித்தான் அளந்து கொடுக்கப்பட்டது. காய்ச்சிக் குடிக்கப் போதிய விறகும் இல்லை.

ஹாப்ஹவுஸின் அறிக்கை இங்கிலாந்தில் எழுப்பிய எதிர்ப்பால், மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண்கள் மட்டுமே கொண்ட குழு ஒன்றை அரசு அனுப்பியது. குழு முகாம் முகாமாகச் சென்று தண்ணீர், கழிப்பிடம், உணவு, மருத்துவமனை ஆகியவற்றைச் சோதித்துக் குறைகளை எழுதியது. சீர்திருத்தங்கள் தொடங்கிய பின் 1902இல் இறப்புகள் விரைவாகக் குறைந்தன. அதற்குள் போயர் முகாம்களில் மட்டும் சுமார் 28,000 பேர் இறந்திருந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பின மக்களின் முகாம்களில் குறைந்தது 14,000 பேர் இறந்தனர். தட்டம்மை முதல் காரணம் என்றாலும், டைபாய்டும் சீதபேதியும் பலரைக் கொன்றன. முகாமில் சோப்பு அரசின் கடமையா, கருணையா என்ற கேள்வி பொதுமேடையில் எழுந்தது அப்போதுதான்.

பேனுக்கு எதிரான போர்

அடுத்த அரை நூற்றாண்டில் முகாம் சுகாதாரத்தின் கவனம் கையை விட்டு உடலுக்கும் உடைக்கும் திரும்பியது. இரண்டு உலகப் போர்களிலும் அகதிகளை அதிகம் அச்சுறுத்தியது பேன் பரப்பும் டைஃபஸ் காய்ச்சல். எனவே எல்லையிலும் முகாம் வாசலிலும் துணிகளை ஆவியில் வேகவைப்பதும், தலைமயிரை மழிப்பதும், மருந்து தூவுவதும் நடைமுறையாயின. 1943 கடைசியிலும் 1944 தொடக்கத்திலும் நேப்பிள்ஸ் நகரில் டி.டி.டி. தூள் டைஃபஸை அடக்கியபின், இடம்பெயர்ந்தோர் முகாம்களில் தூள் தூவும் பம்பு வழக்கமான காட்சி ஆயிற்று. இவ்வகைச் சுத்தம் அதிகாரிகள் மக்கள்மீது செய்தது. வரிசையில் நிற்பதைத் தவிர மக்களுக்கு அதில் வேலை இல்லை.

1947 பிரிவினையின்போது இந்தியாவில் குருக்ஷேத்திரம், டெல்லியின் பழைய கோட்டை, பாகிஸ்தானில் லாகூரின் வால்டன் ஆகிய இடங்களில் பெரும் முகாம்கள் எழுந்தன. காலராவுக்கு எதிராக அங்கே கையாளப்பட்டவை தடுப்பூசி, கிணறுகளில் குளோரின், கழிப்புக் குழிகள் ஆகியவை. ஊசி போடுவதும் கிணற்றில் மருந்து கலப்பதும் சில பணியாளர்களால் முடியும். கை கழுவுவது ஒவ்வொருவரும் நாளுக்குப் பலமுறை தாமே செய்ய வேண்டியது. நிர்வாகங்கள் அதைப் பின்னுக்குத் தள்ளியதற்கு இதுவும் காரணம்.

1958இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட கிராமக் கழிப்பிடங்கள் பற்றிய நூலில் வாக்னரும் லனோயிக்ஸும் நோயின் பாதையைப் படமாக வரைந்தனர். மலத்திலிருந்து கை, நீர், ஈ, மண் என்று நான்கு கிளைகள் பிரிந்து உணவில் கூடி வாயை அடையும். அந்தப் படத்தின் பல வடிவங்கள் இன்றும் முகாம்களில் பயிற்சிக்குப் பயன்படுகின்றன. ஆனால் அது கழிப்பிடம் கட்டுவதற்காகவே வரையப்பட்டது. கை அதில் நான்கில் ஒரு கிளை மட்டுமே.

1971: உப்பும் சர்க்கரையும்

கிழக்குப் பாகிஸ்தானில் 1971 மார்ச்சில் தொடங்கிய போரால் சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பொங்காவ்ன் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தனர். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மஹாலநாபிஸும் அவருடைய குழுவும் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு ஆகியவற்றைத் தண்ணீரில் கரைத்து, உறவினர் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கச் செய்தனர். நூற்றுக்கு முப்பது வரை இருந்த இறப்பு நான்குக்குக் கீழே இறங்கியது.

இந்த வெற்றி உலகெங்கும் பரவி எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் அது நோய் வந்தபின் உயிரைக் காப்பாற்றும் வழி. பரவலைத் தடுக்கும் வழி அன்று. சுதந்திர வங்கதேசத்தின் டாக்காவில் அடுத்த கேள்வியை எடுத்தவர் மொஸ்லெமுத்தின் கான். சீதபேதி வந்த வீடுகள் சிலவற்றுக்குச் சோப்பும் தண்ணீர்க் குடமும் கொடுத்து, கொடுக்காத வீடுகளோடு ஒப்பிட்டார். 1982இல் வெளியான அவர் ஆய்வின்படி, சோப்பும் தண்ணீரும் இருந்த வீடுகளில் நோய் அடுத்தவருக்குத் தொற்றுவது பெரிதும் குறைந்தது. கூட்டுக் கழிப்பறையும் நெரிசலும் உள்ள ஏழைக் குடும்பங்களில் இது நடந்தது. முகாமிலும் இது சாத்தியம் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

மலாவியில் அளந்தது, கோமாவில் இழந்தது

மொசாம்பிக் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய சுமார் பத்து லட்சம் பேர் 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் மலாவியில் தங்கினர். அங்கிருந்த நியாமிதுத்து முகாமில் காலரா திரும்பத் திரும்ப வந்தது. 1990இல் நடந்த விசாரணையில், வீட்டில் சேமித்த குடிநீருக்குள் கைவிட்டு மொள்ளும் வழக்கம் நோயோடு தொடர்புடையது என்று தெரிந்தது. குழாயடியில் சுத்தமாக இருந்த நீர் கூடாரத்துக்குள் வந்தபின் கையால் கெட்டது.

இதைத் தொடர்ந்து 1993இல் அதே முகாமில் இரண்டு சோதனைகள் நடந்தன. ஒன்றில், மேலே மூடியும் பக்கவாட்டில் மூக்கும் வைத்து, உள்ளே கைவிட முடியாதபடி செய்த வாளிகள் சில குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. அவ்வீடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் வயிற்றுப்போக்கு 31 விழுக்காடு குறைந்தது. மற்றொன்றில் 240 கிராம் சோப்புக் கட்டிகள் வழங்கப்பட்டன. சோப்பு கைவசம் இருந்த வீடுகளில் வயிற்றுப்போக்கு 27 விழுக்காடு குறைவாக இருந்தது. 'கைவசம் இருந்த' என்பதுதான் அந்த ஆய்வின் உயிர். கட்டி தீர்ந்த வீட்டுக்கு அந்தப் பயன் கிடைக்கவில்லை. ஒருமுறை கொடுத்துவிட்டு ஓய்வதில் பலனில்லை, மாதந்தோறும் கொடுக்க வேண்டும் என்பதற்கு முகாமிலிருந்தே முதல்முறையாகக் கணக்கு கிடைத்தது.

அந்தக் கணக்கு அச்சாகும் முன்பே பெரும் அழிவு நேர்ந்தது. 1994 ஜூலை நடுவில், ருவாண்டாவிலிருந்து சில நாட்களுக்குள் ஐந்து முதல் எட்டு லட்சம் பேர் எல்லை தாண்டி ஜயரின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின்) கோமா நகருக்கு வந்தனர். எரிமலைக் குழம்பு உறைந்த பாறை நிலம் அது. கழிப்புக் குழியும் வெட்ட முடியவில்லை, புதைகுழியும் வெட்ட முடியவில்லை. கிவு ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தும், முதல் வாரத்தில் சுத்திகரித்த நீர் ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. குடிக்கவே நீரில்லாத இடத்தில் கை கழுவும் பேச்சுக்கு இடமில்லை. முதலில் காலராவும் பின்னர் சீதபேதியும் பரவி, முதல் மாதத்துக்குள் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தனர்.

அளவுகோல் பிறந்த கதை

கோமாவில் நூற்றுக்கும் மேற்பட்ட தொண்டு நிறுவனங்கள் வேலை செய்தும் இவ்வளவு உயிர்கள் போயின என்பது உதவி உலகத்தைத் தன்னைத்தானே கேள்வி கேட்க வைத்தது. அதன் விளைவாக 1997இல் ஸ்ஃபியர் என்ற கூட்டுமுயற்சி தொடங்கியது. ஓர் அகதிக்குக் குறைந்தது எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பதை எண்ணிக்கையில் எழுதிய அதன் கையேடு 2000இல் முழுப்பதிப்பாக வந்தது. பின்னர் 2004, 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, மாதம் ஆளுக்கு 250 கிராம் குளியல் சோப்பு, 200 கிராம் துணிச் சோப்பு என்பவை அதில் அடங்கும். 1901இல் ஆடம்பரம் என்று மறுக்கப்பட்ட பொருள், கேட்டுப் பெறும் உரிமையின் பட்டியலில் ஏறியது.

சோப்பு வந்தபின் அதை வைக்கும் இடம் பிரச்சினையானது. கழிப்பறை கூடாரத்திலிருந்து தொலைவில் இருக்கும்; சோப்பு கூடாரத்துக்குள் பத்திரமாக இருக்கும்; பொதுக் கழிப்பறையில் வைத்தால் காணாமற்போகும். இந்த இடைவெளியை நிரப்ப எளிய கருவிகள் பயன்பட்டன. 1980களில் ஸிம்பாப்வேயில் டாக்டர் ஜிம் வாட் சுரைக்குடுவையைக் கயிற்றில் தொங்கவிட்டு, சாய்த்தால் கொஞ்சம் நீர் ஊற்றி மறுபடி நிமிரும்படி அமைத்தார். பின்னர் பிளாஸ்டிக் கேன், காலால் மிதிக்கும் குச்சி, கயிற்றில் கோத்த சோப்பு என்று அது மாறி, 'டிப்பி டாப்' என்ற பெயரில் முகாம்களுக்குப் பரவியது. ஒரு முறை கை கழுவ அதற்கு மிகக் கொஞ்சம் நீரே போதும். குழாயைத் தொட வேண்டியதில்லை. கேன் காலியானால் நிரப்ப ஆள் வேண்டும் என்பது அதன் பலவீனம்.

ஆள் கிடைக்க வேண்டுமானால் மக்கள் அதைத் தமதாகக் கருத வேண்டும். 1990களின் நடுவில் ஸிம்பாப்வேயில் தொடங்கிய சமூக நலக் கழகங்கள் இதற்கு வழிகாட்டின. வாரந்தோறும் கூடி ஒரு பாடம் படித்து, வீட்டில் ஒரு மாற்றம் செய்து காட்டுவது அவற்றின் முறை. வடக்கு உகாண்டாவில் போரால் இடம்பெயர்ந்தோர் இருந்த குலு மாவட்ட முகாம்களில் 2000களின் நடுவில் இம்முறை பின்பற்றப்பட்டது. சில மாதங்களுக்குள் மக்களே ஆயிரக்கணக்கில் கழிப்பறைகளையும் கை கழுவும் அமைப்புகளையும் நிறுவினர். முகாம் மக்களைப் பெறுபவர்களாக மட்டுமே பார்த்த பழைய வழக்கம் அங்கே தளர்ந்தது.

மெனிக் பாம்

தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்த இடம்பெயர்ந்தோர் முகாம் இலங்கையின் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம். 2009இல் இறுதிப் போரிலிருந்து வெளியேறிய வன்னி மக்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே கம்பிவேலிக்குள் வைக்கப்பட்டனர். இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசாமி, கதிர்காமர் என்று பெயரிட்ட பிரிவுகளில் தறப்பாள் கூடாரங்களும் தகரக் கொட்டில்களும் நெருக்கமாக நின்றன. தண்ணீரின் ஒரு பகுதி மல்வத்து ஓயா எனப்படும் அருவியாற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்து வழங்கப்பட்டது. அவ்வாண்டு அம்மாளும் செங்கண்மாரி எனப்படும் மஞ்சள்காமாலையும் வயிற்றோட்டமும் முகாமில் பரவின. அம்மாள் எனப்படும் கொப்புளிப்பான் காற்றாலும் தொடுகையாலும் பரவுவது. மற்ற இரண்டும் கையும் நீரும் பரப்புபவை.

வன்னி வீடுகளில் கை கால் கழுவுவதற்கென்று ஓர் இடம் இருந்தது. அது கிணற்றடி. வயலிலிருந்து வந்தாலும் மலசலகூடத்திலிருந்து வந்தாலும் கிணற்றடி வழியாகவே வீட்டுக்குள் போவது வழக்கம். முகாமில் அந்த இடம் இல்லை. பதிலாக இருந்தது குழாயடி வரிசையும் வாளித் தண்ணீரும். குடிக்கவும் சமைக்கவும் குழந்தையைக் குளிப்பாட்டவும் ஒதுக்கிய பின் மிஞ்சும் நீரே கைக்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் முகாமிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டர்களும் சவர்க்காரத்தோடு கூடாரம் கூடாரமாகச் சென்றபோது எதிர்கொண்டது அறியாமையை அன்று. வழக்கத்தைத் தாங்கிநின்ற இடம் பறிபோனதை. மெனிக் பாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது.

அச்சத்திலிருந்து ஆசைக்கு

2003இல் வேலரி கர்ட்டிஸும் சாண்டி கெயர்ன்கிராஸும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, சோப்பால் கை கழுவுவது வயிற்றுப்போக்கின் அபாயத்தை 42 முதல் 47 விழுக்காடு குறைக்கக்கூடும் என்று கணித்தனர். 2008 முதல் அக்டோபர் 15 உலகக் கை கழுவும் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதே காலத்தில் முகாம்களிலிருந்து வந்த செய்தி சங்கடமாக இருந்தது. சோப்பு வீட்டில் இருந்தும் துணிக்கும் குளியலுக்குமே போயிற்று; கழிப்பறையிலிருந்து திரும்பியவர்களில் பலர் கை கழுவவில்லை. கிருமி பற்றிக் கேட்டால் எல்லாரும் சரியாகப் பதில் சொன்னார்கள்.

தெரிந்தும் செய்யாததற்குக் காரணம் தேடியபோது, நோயச்சம் அன்றாடப் பழக்கத்தைத் தூண்டுவதில்லை என்பது புலப்பட்டது. அருவருப்பு, தாய்ப்பாசம், அயலார் மதிப்பு ஆகியவையே கையை நீருக்குக் கொண்டுபோயின. இதற்கு நல்ல சான்று முகாமில் நடந்ததன்று. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில் 2011இல் நடந்த 'சூப்பர் அம்மா' இயக்கம். கிருமிப் பேச்சை விட்டு, நல்ல பழக்கத்தோடு பிள்ளை வளர்க்கும் தாயின் கதையைச் சொன்ன அந்த இயக்கத்துக்கு ஆறு மாதம் கழித்து, தேவையான நேரங்களில் சோப்பால் கை கழுவியது 37 விழுக்காடு. இயக்கம் நடக்காத ஊர்களில் 6 விழுக்காடு. ஆக்ஸ்ஃபாமும் லைஃப்பாய் சோப்பைத் தயாரிக்கும் யூனிலீவரும் சேர்ந்து நடத்திய 'அம்மாவின் மாயக் கைகள்' என்ற பிரசாரம் பேரிடரில் வீடிழந்தோரிடம் இதே தாய்ப்பாசத்தைத் தொட்டது.

குழந்தைகளுக்குத் தாய்ப்பாசம் வேலை செய்யாது; விளையாட்டு செய்யும். இராக்கில் இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில், உள்ளே பொம்மை தெரியும் கண்ணாடிச் சோப்பு குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது. கை கழுவக் கழுவச் சோப்பு கரைந்து பொம்மை கைக்கு வரும். சாதாரணச் சோப்பும் வழக்கமான அறிவுரையும் பெற்ற குழந்தைகளைவிட இவர்கள் கை கழுவும் வாய்ப்பு நான்கு மடங்காக இருந்தது என்று 2019இல் வெளியான ஆய்வு கூறியது. கை கழுவும் இடத்தில் முகக்கண்ணாடி மாட்டுவதும் இவ்வகை உத்தியே. தலை சீவ வந்தவர் கையும் கழுவிச் செல்வார்.

காக்ஸ் பஜாரிலும் பெருந்தொற்றிலும்

2017 ஆகஸ்டுக்குப் பின் மியன்மாரிலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியர்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாருக்கு வந்தனர். குதுப்பாலோங்கில் மேடும் பள்ளமுமான களிமண் குன்றுகளில் மூங்கிலும் தறப்பாளும் கொண்டு உலகின் மிகப் பெரிய அகதிமுகாம் உருவானது. கோமா திரும்புமோ என்று அஞ்சி, அவ்வாண்டு அக்டோபரிலேயே வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து 9 லட்சம் டோஸ் கொண்டுவரப்பட்டது. கூடவே ஆழ்துளைக் கிணறுகளும் சோப்பு விநியோகமும் வீடு வீடாகச் செல்லும் ரோஹிங்கியத் தொண்டர்களும் இருந்தனர். கோமாவில் நேர்ந்த அளவு காலரா அழிவு இங்கே நேரவில்லை.

2020இல் கோவிட் வந்தபோது உலகம் முழுவதும் கை கழுவச் சொல்லப்பட்டது. முகாம்களில் அதற்கான அமைப்பு ஓரளவு ஏற்கெனவே இருந்தது. கடைவீதி முனை, உணவுப் பங்கீட்டு வரிசை, மருந்தக வாசல் என்று கைதொட்டிகள் பெருகின. பல இடங்களில் காலால் இயக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டன. அவற்றில் தண்ணீரும் சோப்பும் தீராமல் பார்த்துக்கொள்ள ஒருவருக்குக் கூலி கொடுத்துப் பொறுப்பு ஒப்படைப்பதும், கைதொட்டி எவ்வளவு உயரத்தில், கழிப்பறையிலிருந்து எத்தனை அடியில் இருக்க வேண்டும் என்று அங்கே வாழும் பெண்களையும் முதியவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் கேட்டு முடிவு செய்வதும் இன்றைய முகாம் சுகாதாரத்தின் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறைகள்.